மேலே வர வேண்டாம்

கிளம்ப வேண்டிய நாளன்று காலையில் அவளுக்கு எழுந்திருக்கவே மனமில்லை. காய்ச்சல் என்று சொல்ல முடியாது. தூங்கவில்லை என்றும் சொல்ல முடியாது, நன்றாகத்தான் தூங்கினாள். ஆனாலும் உடம்பு பிழியாத போர்வையைப் போலக் கனத்தது. காலைத் தரையில் ஊன்றியதும் குதிகாலில் சுரீரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்கும் நொண்டினாள். கொஞ்ச தூரம் நடந்தால் அந்த வலி பழகிப்போகும். பழகிவிட்டால் நாள் பூராவும் நடக்கலாம். போன வருடத்திலிருந்து அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

நடப்பதுதான் அவள் தொழில். சின்னச் சின்னக் குழுக்களாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு மழைக்காட்டுக்குள் நடந்து, மறுபக்கம் கடற்கரையில் இறங்கி, அங்கிருந்து படகில் தீவுக்குப் போய், தீவின் பூர்வகுடி மக்களோடு இரண்டு நாள் தங்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவளும் கணவரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. ஆரம்பத்தில் அவர் முன்னால் நடப்பார், அவள் கூட்டத்துக்குப் பின்னால் வருவாள். அப்புறம் அவருக்கு முதுகுத்தண்டில் ஒரு தட்டு விலகியது. அதிலிருந்து அவர் அலுவலக நாற்காலிக்கும் அவள் முன்வரிசைக்கும் மாறிவிட்டார்கள். பின்னால் வருவதற்குச் சமையல்காரரைப் பழக்கினார்கள். அவருக்குக் 'கடைசி' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

வீட்டின் கீழ்த்தளம்தான் அலுவலகம். முன்னறையில் கணவரின் மேசையும் கம்ப்யூட்டரும். பின்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி டெண்ட்டுகளும் தார்ப்பாய்களும் தொங்கும். போன குழுவின் சேறு காய்வதற்குள் அடுத்த குழு வந்துவிடும். அன்றைக்கும் அரை ஈரத்திலேயே ஒவ்வொன்றாக இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் வாசற்படியில் வந்து நின்றார். முதுகுக்குப் பெல்ட் போட்டிருந்ததால் சாய்ந்து நிற்கவும் முடியாமல் நேராக நிற்கவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரிய ஏஜென்சி நேத்து மறுபடி பேசினாங்க" என்றார். "அடுத்த சீசன்லேர்ந்து வாரா வாரம் ஒரு குரூப் தர்றாங்களாம்."

"வாரா வாரமா?"

"ஆமா. இத்தனை வருஷம் பட்ட பாட்டுக்கு இப்பதான் ஒரு வழி பொறக்குது."

"நடக்கிறது யாரு?"

"ஆள் போட்டுக்கலாம்."

"ஆள் போட்டுக்கலாம்னு சொல்லிச் சொல்லியே என் கால் தேஞ்சு போச்சு" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். தார்ப்பாயின் மறுமுனையை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். இருவருமாக மடித்தார்கள்.

"இந்த ஒரு ட்ரிப் போய்ட்டு வா. அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்" என்றார்.

பேருந்து நிலையத்தில் குழு காத்திருந்தது. ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கழுத்தில் இரண்டு கேமரா மாட்டிய ஒரு நடுவயதுக்காரர். அறுபதைத் தாண்டிய அக்காவும் தங்கையும். அக்காவுக்குக் காது மந்தம். தங்கை எல்லாவற்றையும் அக்காவின் காதருகே இன்னொரு தடவை சொல்வாள், ஆனால் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொல்வாள். "அட்டை கடிச்சா பிடுங்காதீங்க, நகத்தால தள்ளி விடுங்க" என்று இவள் சொன்னால், "கடிச்சா கத்தாதேங்கறா" என்று தங்கை சொன்னாள்.

காட்டுக்குள் முதல் நாள் முழுக்க மழை. மழைக்காட்டில் மழை பெய்வதைப் பற்றி யாரும் குறைசொல்ல முடியாது. ஆனாலும் எல்லாருடைய முகத்திலும் அது எழுதியிருந்தது. எந்தத் திருப்பத்தில் எந்தப் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எந்த ஓடையருகே எந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும் என்பது அவள் வாய்க்கு மனப்பாடம். மூளையைக் கேட்காமலே வாய் பேசிக்கொண்டு போனது. அடிமரத்தில் ஓர் அறையே அமைக்கலாம் போன்ற அந்தப் பெரிய மரத்தருகே நிறுத்தி, "இங்க இருக்கற எல்லாரையும்விட இந்த மரத்துக்குத்தான் வயசு அதிகம்" என்றாள்.

"என்னைப் பார்த்துட்டுச் சொல்லு" என்றாள் அக்கா. அதை மட்டும் அவள் வாய் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாளில் அவளாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கேமராக்காரர் இருமிக்கொண்டே வந்தார். கேட்டதற்கு, "பஸ்ல ஏசி ஒத்துக்கல, ஒண்ணுமில்ல" என்றார். பறவையைப் பார்க்கிறபோதெல்லாம் இருமல் வந்து பறவை பறந்துவிடும். அதற்கும் அவர் அவளைத்தான் முறைத்தார். மாலையில் சுடுதண்ணீர் போட்டுக் கொடுத்தாள். கடைசி அடுப்பருகே குனிந்து மெல்லச் சொன்னார், "இந்த இருமல் சரியில்லீங்க."

"எனக்கும் தெரியுது. என்ன செய்ய? பாதி வழி வந்தாச்சு."

கடற்கரையில் படகுக்காரர் தயாராக இருந்தார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்கு ஓட்டுகிறவர். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தீவை நெருங்கும்போது அவர் வழக்கமாக எஞ்சினைக் குறைத்துச் சங்கு ஊதுவார். சத்தம் கேட்டதும் குழந்தைகள் இறங்கி ஓடிவந்து தண்ணீருக்குள் நிற்பார்கள். அன்று ஊதினார். யாரும் வரவில்லை. "மேலே ஏதாச்சும் வேலையா இருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே எல்லாரையும் மணலில் இறக்கிவிட்டு, மறுநாளைக்கு மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பினார். காற்று மாறுவதற்குள் கரை சேர வேண்டும் என்பது அவர் அவசரம்.

குடியிருப்புக்கு ஏறும் பாதையின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு பழைய வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் அதைத் தூக்கிக் குனிந்து போகப் பார்த்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"அங்கேயே நில்லு. மேலே வர வேண்டாம்."

நெட்டையக்கா. குடியிருப்பின் காரியங்களை எல்லாம் பார்த்துக்கொள்கிறவள். உயரத்துக்காக இவள்தான் அந்தப் பெயரை வைத்தாள், அவளும் ஒத்துக்கொண்டாள். வருடத்தில் பல தடவை பார்த்துக்கொள்வார்கள். சேர்ந்து பயணிகளுக்குச் சமைத்திருக்கிறார்கள், பாம்பு அடித்திருக்கிறார்கள், ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள். அந்த நெட்டையக்கா இப்போது தொலைவிலேயே நின்று, கையால் 'பின்னால் போ' என்று காட்டினாள். இளைத்துப்போயிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"உன் கூட்டத்துல யாராச்சும் இருமுறாங்களா?"

"ஒருத்தர் இருமுறார்."

"அப்ப எல்லாரையும் தண்ணிப் பக்கமாக் கொண்டுபோய் உட்கார வை. வெச்சுட்டு வா."

கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டை மேல் உட்கார்ந்தாள். நெட்டையக்கா மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தாள். இடையில் ஒரு வீடு கட்டலாம் போன்ற தூரம். அலைச்சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"போன தடவை ஒரு தொப்பிக்காரர் வந்தாரே. ராத்திரி பூரா இருமினாரே."

"ஆமா."

"நீங்க போன கொஞ்ச நாள்லயே சின்னப் பசங்களுக்குத் தொடங்கிச்சு. அப்புறம் பெரியவங்களுக்கு. எங்க உடம்பு உங்க ஊர்ச் சளியைத் தாங்க மாட்டேங்குது. ரெண்டு பேர் போயிட்டாங்க."

"யாருக்கா?"

"வலை முடைவாரே, அந்தக் கிழவர். அப்புறம் என் மாமியார்."

அந்த மாமியார் ஒவ்வொரு முறையும் இவள் காதை இழுத்துப் பார்த்து, இன்னமும் நகை போடலையா என்று கேலி செய்வாள். பல் ஒன்றுகூட இல்லாத வாயால் அவள் சிரிப்பதைக் கேட்டாலே மற்றவர்களுக்கும் சிரிப்பு வரும். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனா?"

"மீன் எடுக்க வர்ற படகுல உன் வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினேனே. பசங்களுக்கு இருமலா இருக்கு, இப்ப யாரும் வர வேண்டாம்னு. சொல்லிட்டேன்னு அந்தப் படகுக்காரன் திரும்பி வந்து சொன்னானே."

அவள் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். நெட்டையக்காவும் மேலே கேட்கவில்லை. கணவன்மார் விஷயத்தில் கேட்காமல் விடுவது எப்போது என்று இருவருக்கும் தெரியும்.

கரையின் கோடியில் ஒரு மேட்டுப் பாறைமேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். குதிகால் வலியோடு ஏறினாள். கணவர் உடனே எடுத்தார்.

"ஏங்க, தீவுலேர்ந்து சேதி வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார். "சளி இருமல்னு சொன்னாங்க. மழைக்காலத்துல எல்லா ஊர்லயும் வர்றதுதானே. ஏஜென்சிக்காரங்க இந்தக் குரூப்பைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கறதா இருந்தாங்க. அதான்..."

"ரெண்டு பேர் செத்துட்டாங்க."

"அது எனக்குச் சொல்லலை" என்றார். "சத்தியமா அது எனக்குத் தெரியாது."

"சரி."

"இப்ப என்ன பண்ணப் போற? தெற்குக் கரையில இன்னொரு குடியிருப்பு இருக்கே. அங்க பேசிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள். "யார்கிட்டயும் பேசாதீங்க." போனை வைத்துவிட்டாள். பாறையிலிருந்து இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கீழே வந்தபோது கயிற்றுக்கு மறுபக்கம் நெட்டையக்காவின் மருமகள் வந்து நின்றிருந்தாள். தோளில் ஒரு பெண்குழந்தை. நடக்கப் பழகிய வயசுதான் இருக்கும். அழவில்லை. அழாமல் இருந்ததுதான் இவளுக்குப் பயமாக இருந்தது. போன முறை இதே குழந்தை இவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் பிய்த்தே விட்டது.

"முந்தா நேத்துலேர்ந்து இப்படித்தான்" என்றாள் நெட்டையக்கா. "எங்க படகு எஞ்சின் செத்துக் கிடக்கு. ஆஸ்பத்திரிப் படகுக்குச் சேதி அனுப்பினோம். வரும்னாங்க. வரலை."

அவள் தண்ணீர்ப் பக்கம் போய்ப் பல் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"நான் பல்லு பார்க்கறவன்மா" என்றார் அவர்.

"எங்ககிட்ட இருக்கற டாக்டர் நீங்கதான்."

அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து முகக்கவசம் எடுத்து மாட்டிக்கொண்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கயிறு வரைக்கும் போய், குழந்தையின் சட்டையை மேலே தூக்கச் சொல்லி, எட்ட நின்றபடியே அதன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. திரும்பி வந்தவரின் முகம் மாறியிருந்தது.

"இது இங்க வெச்சுப் பார்க்கற விஷயம் இல்ல. இன்னிக்கே ஆக்ஸிஜன் வைக்கணும். நாளைக்குன்னு சொன்னா நான் பொறுப்பில்ல."

மறுபடி அந்தப் பாறை. மறுபடி ஏற்றம். படகுக்காரர் அப்போதுதான் கரை சேர்ந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, திரும்பி வரணும்."

"காத்து எதிர்க்குது தங்கச்சி. இப்பதான் கையும் காலும் ஒரு எடத்துல இருக்கு."

"குழந்தைக்கு மூச்சு வாங்குது."

அவர் எதையோ மென்று விழுங்குவது கேட்டது. "வர்றேன். ஆனா ஆள் கம்மியா ஏத்தணும். கூட்டத்தையெல்லாம் ஏத்தினா முழுகிருவோம்" என்றார்.

குழுவைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். படகு வரும், குழந்தையும் அதன் அம்மாவும் பாட்டியும் போவார்கள், நீங்கள் எல்லாரும் நாளை படகு திரும்பி வரும் வரை இந்த மணலில்தான் இருக்க வேண்டும், யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்றாள். புது ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கேமராக்காரர்தான் முதலில் பேசினார்.

"நாங்க வந்ததே இவங்களைப் பார்க்கத்தான். இந்த மணலைப் பார்க்க வரலை."

"தெரியும் சார்."

"சரி, தூரத்துலேர்ந்தாவது ரெண்டு படம் எடுத்துக்கறேன். அதுல யாருக்கு என்ன வந்துடும்?"

"வேண்டாம் சார்."

"நீங்க முன்கூட்டியே விசாரிச்சிருக்கணும். இது உங்க தப்பு."

"ஆமா. எங்க தப்புதான்" என்றாள். வாதம் வரும் என்று மூச்சை இழுத்து வைத்திருந்தவருக்கு அந்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் இருமல்தான் வந்தது.

"என்னடி சொல்றா?" என்று அக்கா கேட்டாள்.

தங்கை அக்காவின் காதில் இந்தத் தடவை எதையும் மாற்றாமல் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "இந்த மணல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, கையிலிருந்த பையைக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

கடைசியை மட்டும் தனியே அழைத்துப் போனாள். "நான் படகுல போறேன். அவங்க யாருக்கும் அங்க ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னே தெரியாது. நீங்க பார்த்துக்குவீங்களா?"

குழுவை விட்டுவிட்டு வழிகாட்டி போவதென்பது இந்தத் தொழிலில் நினைத்தும் பார்க்கக் கூடாத காரியம். கடைசிக்கும் அது தெரியும். அவர் தலையைச் சொறிந்தார்.

"சமைக்கிறதும் பின்னாடி வர்றதும்தான் எனக்குத் தெரியும். முன்னாடி நின்னு பழக்கமில்லீங்க."

"நிக்க வேண்டாம். உட்காருங்க. யாரையும் நடக்க விடாதீங்க, அது போதும்."

படகு வந்தது. பல் டாக்டர் தன்னிடமிருந்த முகக்கவசங்களைக் கொடுத்தார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மருமகளும் நெட்டையக்காவும் இறங்கி வந்தபோது குழு மொத்தமும் மணலின் மறுகோடிக்கு நகர்ந்து நின்றது. கேமராக்காரரும் நகர்ந்தார். கேமராவை அவர் தூக்கவில்லை.

கடலில் போன நேரம் முழுக்க அவள் முன்பக்கத்தில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் குழந்தைமேல் அடிக்காமல் இருக்க. கை மரத்துப்போயிற்று. நெட்டையக்கா குழந்தையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மருமகள் வாந்தி எடுத்தாள், துடைத்துக்கொண்டாள், மறுபடி குழந்தையை வாங்கிக்கொண்டாள். படகுக்காரர் ஒரு பேச்சும் பேசவில்லை. அவர் பேசாமல் ஓட்டினால் கடல் மோசமாக இருக்கிறது என்று அர்த்தம். பாதி வழியில் குழந்தை லேசாக முனகியது. அந்த முனகலைக் கேட்டு நான்கு பேருக்கும் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. சுவரில் யாரோ சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை. குழந்தையையும் மருமகளையும் உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். நர்ஸ் வந்து பேர் கேட்டாள், வயசு கேட்டாள், ஊர் கேட்டாள். நெட்டையக்கா ஒவ்வொரு கேள்விக்கும் இவளைப் பார்க்க, இவள் பதில் சொன்னாள். பேர் மட்டும் நெட்டையக்காவே சொன்னாள். நர்ஸுக்குப் புரியாமல் இரண்டாம் தடவை கேட்டபோது, கொஞ்சம் சத்தமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

இருவரும் பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள்.

"பக்கத்துல வா. இனிமே என்ன" என்றாள் நெட்டையக்கா.

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். துணியெல்லாம் உப்பு காய்ந்து விறைத்திருந்தது.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள் நெட்டையக்கா. "இது நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன். எங்களுக்கு அலுத்துப்போச்சு. நீங்க வர்றப்போ எல்லா வேலையும் போட்டுட்டு வந்து நிக்கணும். சிரிக்கணும். ஒரே கேள்விக்கு ஒரே பதில். என் மருமக கூடை முடைஞ்சு காட்டுவா இல்ல, நீங்க போனதும் அதைப் பிரிச்சு வெச்சுடுவா, அடுத்த கூட்டத்துக்கு மறுபடி முடைய."

"எனக்குத் தெரியும்க்கா. நான் பார்த்திருக்கேன்."

"உனக்கு அலுக்கலையா?"

யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. பயணிகள் எல்லாரும், உங்களுக்கென்ன, காடும் கடலுமாக வாழ்கிறீர்கள் என்றுதான் சொல்வார்கள். அவளும் ஆமாம் என்பாள். இப்போது வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். நெட்டையக்கா அவள் முழங்கால்மேல் கையை வைத்தாள். கை கனமாகவும் சூடாகவும் இருந்தது. எடுக்கச் சொல்ல யாரும் இல்லை. அது அங்கேயே இருந்தது.

இருட்டுகிற நேரத்தில் கணவர் வந்தார். பெல்ட் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் ரொட்டிப் பொட்டலம். வராந்தாவின் அந்தக் கோடியிலேயே நின்றுவிட்டார். அவள் எழுந்து போனாள்.

"குழந்தை எப்படி இருக்கு?"

"ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க. ராத்திரி தாண்டணுமாம்."

"அவங்ககிட்ட நான் பேசட்டுமா?"

"என்ன பேசுவீங்க?"

"நான் ஒண்ணும் வேணும்னு பண்ணலை" என்றார். "நீ காலோட படற பாடு எனக்குத் தெரியாதா? அந்தக் கான்ட்ராக்ட் வந்தா உன்னை உட்கார வெச்சுடலாம்னு பார்த்தேன். உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அதைத் தூக்கிட்டு நடக்க என்னால ஆகாது."

அவர் பிளாஸ்க்கைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் மெல்ல நடந்து பெஞ்சுக்குப் போய், குனிய முடியாத முதுகோடு நெட்டையக்காவின் எதிரில் நின்றார். என்ன சொன்னாரென்று இவளுக்குக் கேட்கவில்லை. நெட்டையக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகவும் பார்க்கவில்லை, மன்னித்ததாகவும் தெரியவில்லை. உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினாள். முதுகு வலிக்காரர் நிற்பதைப் பார்க்க அவளுக்கே வலித்திருக்க வேண்டும்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஒரேயடியாகத் தேறிவிடவில்லை, ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, ஒரு நாள் பால் குடித்தது, இன்னொரு நாள் நர்ஸின் பேனாவைப் பிடுங்கியது. அதற்கிடையில் படகுக்காரர் குழுவைக் கொண்டுவந்து சேர்த்தார். கடைசி அவர்களை ஓரடிகூட நகரவிடாமல் வைத்திருந்தாராம். கயிற்றுப் பக்கம் போகப் பார்த்த கேமராக்காரரை எதிரில் உட்கார்ந்தே தடுத்தாராம். "அவர் எழுந்திருக்கவே இல்லைங்க. எழுந்து நின்னிருந்தா நான் தாண்டிப் போயிருப்பேன்" என்று கேமராக்காரரே அலுவலகத்தில் வந்து புகார் சொன்னார். எழுதியும் போட்டார், பல இடங்களில். அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரிக்கு வந்து வெளியே மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

ஏஜென்சிக்கு அவளே பேசினாள். நடந்ததைச் சொன்னாள். சுகாதாரத் துறைக்கும் சொல்லியாகிவிட்டது, தீவுக்கு இப்போதைக்கு யாரும் போக முடியாது என்றாள். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் வருத்தப்பட்டாள். வேறொரு தீவு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். கணவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தடுக்கவில்லை.

அதன்பிறகு அவளுக்கே அந்த இருமல் வந்தது. படுத்தாள். படுத்தவள் நாள் கணக்கில் எழுந்திருக்கவில்லை. இருமல் போனபிறகும் தூங்கினாள். எத்தனை வருடத்துத் தூக்கமோ, வந்துகொண்டே இருந்தது. கணவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்பே இல்லாமல் ஒரு நாள், உப்பாகவே ஒரு நாள். அவள் குடித்துவிட்டுத் திரும்பிப் படுப்பாள். ஒரு நாள் கண் விழித்தபோது அவர் இல்லை. தடுப்பூசி போடுகிற குழு தீவுக்குப் போன படகில் அவரும் போயிருந்தார். படகிலேயே மல்லாந்து படுத்தபடி போனாராம். கரையில் இறங்காமல் படகிலிருந்தே நெட்டையக்காவோடும் இறந்த கிழவரின் மகனோடும் பேசிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"அவங்களா கூப்பிடற வரைக்கும் யாரும் வர வேண்டாம்னாங்க. அந்த மகன் என் முகத்தையே பார்க்கலை" என்றார். "முதுகு ஒடிஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் படுத்தார். இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள்.

"ம்."

"இதை நான் மறக்கறதுக்கு ரொம்ப நாளாகும்."

"தெரியும்."

தீவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கம்பெனி சுருங்கியது. காட்டின் ஓரத்தில் ஒரே நாளில் போய்த் திரும்புகிற நடை மட்டும் மிஞ்சியது. கடைசிதான் அதை நடத்தினார், இப்போதும் பின்னாலிருந்தே. முன்னால் போகிறவர்களுக்கு வழியைச் சத்தம் போட்டுச் சொல்வார். அவள் குதிகாலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். வாடகைக்குப் பின்னறையை ஒரு தையல்காரருக்கு விட்டார்கள்.

மழை ஓய்ந்த ஒரு மதியம் வாசலில் யாரோ குனிந்து நுழைகிறார்கள் என்று பார்த்தால் நெட்டையக்கா. குழந்தையின் நெஞ்சை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார்களாம். குழந்தை இடுப்பில் இருந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"மருமக படகுல உட்கார மாட்டேன்னுட்டா. நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"குழந்தை நல்லா இருக்காளாமா?"

"நல்லா இருக்காளாம். டாக்டரோட கண்ணாடியை ஒடைச்சுட்டா."

அவள் எழுந்து பாத்திரத்தை எடுக்கப் போனாள். நெட்டையக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணும் பண்ணாதே. காலையில நாலு மணிக்குக் கிளம்பினது. எனக்குக் கொஞ்சம் படுக்கணும், அவ்வளவுதான்."

மாடிக் கூடத்தில் பாயை விரித்து ஃபேனைப் போட்டாள். நெட்டையக்கா நீளத்துக்குப் படுக்க, கால் பாயைத் தாண்டித் தரையில் கிடந்தது. குழந்தை இருவருக்கும் நடுவில். என்னென்னவோ கேட்க இருந்தது: மற்றப் பிள்ளைகள் எப்படி, எஞ்சின் சரியானதா, கிழவரின் மகன் என்ன சொல்கிறான். நெட்டையக்காவின் கண் அதற்குள் மூடிவிட்டது. கேட்காமல் அவளும் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள்.

கணவர் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்கு ஏறி வந்தவர், மூன்று பேரும் தூங்குவதைப் பார்த்தார். திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போய், தையல்காரரிடம் மிஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார்.